வெள்ளைக் கவசத்துக்குள் ஒரு தந்தை

விபத்தில் கால் இழந்தவர் தொடங்கிய அதிசயப் படை! சினிமாவில் வில்லன்கள், ஆஸ்பத்திரியில் நண்பர்கள்! கவசம் செய்வது எப்படி?

குழந்தைகள் ஆஸ்பத்திரி. நீண்ட தாழ்வாரம்.

"டக்... டக்..." என்று காலடிச் சத்தம் கேட்கிறது.

படுக்கையில் சோர்ந்து கிடக்கும் குழந்தைகள் தலையைத் தூக்கிப் பார்க்கிறார்கள். தலை முதல் கால் வரை வெள்ளைக் கவசம் அணிந்த வீரர்கள் வருகிறார்கள். முகம் தெரியவில்லை. கண் இருக்கும் இடத்தில் கறுப்புக் கண்ணாடி.

குழந்தைகள் பயந்து அலறுகிறார்களா? இல்லை. கையை நீட்டுகிறார்கள்! வீரர்கள் கை குலுக்குகிறார்கள்.

அமெரிக்காவிலும் வேறு பல நாடுகளிலும் இந்தக் காட்சியைக் காணலாம். வந்தவர்கள் நிஜப் பட்டாளத்துக்காரர்கள் அல்ல. கடைச் சிப்பந்திகள், ஆசிரியர்கள், டிரைவர்கள். லீவு நாளில் கவசம் போட்டுக் கொண்டு வருகிறார்கள். கூலி வாங்குவது இல்லை. அந்தக் கவசத்தைத் தங்கள் கையாலேயே ஒட்டிப் பொருத்தியவர்கள் அவர்களில் ஏராளம்.

இந்தப் படையைத் தொடங்கியவர், கால் இழந்த ஒருவர்!

யார் இந்த வீரர்கள்?

1977-ம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் ஒரு படம் வெளிவந்தது. அதன் பெயர் "ஸ்டார் வார்ஸ்". நட்சத்திர உலகில் நடக்கும் போர்தான் கதை. டைரக்டர், ஜார்ஜ் லூகாஸ். படம் உலகமெங்கும் சக்கைப்போடு போட்டது.

அதில் கொடுங்கோல் அரசின் படைவீரர்களாக வருகிறவர்கள்தான் இந்த வெள்ளைக் கவசக்காரர்கள். "ஸ்டார்ம் ட்ரூப்பர்" என்று பெயர். எல்லோரும் ஒரே அச்சு. யாருக்கும் முகம் கிடையாது. படத்தில் அவர்கள் கெட்டவர்கள். துப்பாக்கியால் சுடுவார்கள், குறி தவறும், கதாநாயகன் தப்பி விடுவான்!

பார்த்தவர்கள் கதாநாயகனைத்தான் விரும்ப வேண்டும். ஆனால் சிலருக்கு இந்த வெள்ளை வீரர்கள் மேல் ஆசை வந்துவிட்டது. அவர்களில் ஒருவர்தான் ஆல்பின் ஜான்சன்.

கால் போனது

அமெரிக்காவில் தெற்கு கரோலினா என்ற மாநிலம் இருக்கிறது. அங்கே கொலம்பியா நகரில் வசித்தவர் ஜான்சன்.

1994-ம் ஆண்டு. கார் விபத்து ஒன்றில் அவர் காலில் பலத்த அடிபட்டது. டாக்டர்கள் ஆபரேஷன் செய்தார்கள். ஒன்றல்ல, இரண்டல்ல, பல ஆபரேஷன்கள். பலன் இல்லை. கடைசியில் காலை எடுத்து விட்டார்கள். செயற்கைக் கால் பொருத்தப்பட்டது.

காலை இழந்தவருக்கு வலி மட்டும்தானா துன்பம்? எதிரே வருகிறவர் முதலில் காலைப் பார்ப்பார். பிறகுதான் முகத்தைப் பார்ப்பார். அந்தப் பார்வை தரும் துன்பம் வலியைவிடப் பெரிது.

அப்போது அவருக்குத் துணையாக இருந்தவர் டாம் குரூ என்ற நண்பர். இருவருக்கும் "ஸ்டார் வார்ஸ்" என்றால் உயிர். அதிலும் வெள்ளைக் கவச வீரர்களைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் நேரம் போவதே தெரியாது.

"நாமே ஒரு கவசம் செய்து போட்டுக்கொண்டால் என்ன?" என்ற எண்ணம் பிறந்தது.

ஒருவர், இருவர், ஓராயிரம்

1997-ம் ஆண்டு "ஸ்டார் வார்ஸ்" படங்கள் மீண்டும் திரைக்கு வந்தன. அந்த ஆண்டில் ஜான்சன் கவசம் அணிந்தார்.

தனி ஆளாகப் போய் நின்றபோது, "யாரடா இந்தக் கோமாளி?" என்று கேலிக்கு ஆளாக வேண்டி இருந்தது. டாம் குரூவும் கவசம் அணிந்து பக்கத்தில் வந்து நின்றார். நிலைமையே மாறி விட்டது! ஒருவர் நின்றால் வேடம். இருவர் நின்றால் படை!

கவசத்துக்குள் எது சொந்தக் கால், எது செயற்கைக் கால் என்று யாருக்கும் தெரியாது. அங்கே எல்லோரும் சமம்.

இருவரும் தங்கள் படங்களை இன்டர்நெட்டில் வெளியிட்டார்கள். "என்னிடமும் கவசம் இருக்கிறது", "நானும் வருகிறேன்" என்று பல ஊர்களில் இருந்து கடிதங்கள் வந்தன. அப்படிப் பிறந்ததுதான் "501-வது படை".

இன்று அந்தப் படையில் பத்தாயிரம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். பல நாடுகளில் கிளைகள் உள்ளன. 2007-ம் ஆண்டு ஜனவரி 1-ந்தேதி கலிபோர்னியாவில் பாசடீனா நகரின் புகழ்பெற்ற ரோஜா ஊர்வலத்தில் இவர்கள் அணிவகுத்துச் சென்றார்கள். அந்த ஊர்வலத்துக்குத் தலைமை வகித்தவர் யார் தெரியுமா? படத்தை எடுத்த ஜார்ஜ் லூகாசேதான்!

"கெட்டவர்கள் செய்யும் நல்ல காரியம்" என்பதுதான் இவர்களுடைய கொள்கை. விழாக்களுக்கு அழைப்பவர்களிடம், "எங்களுக்குப் பணம் வேண்டாம், தர்ம காரியத்துக்குக் கொடுங்கள்" என்கிறார்கள்.

சினிமாவில் எப்படிச் செய்தார்கள்?

ரால்ப் மெக்குவாரி என்ற ஓவியர் முதலில் படம் வரைந்தார். அதைப் பார்த்துச் சிற்பிகள் களிமண்ணில் உருவம் செய்தார்கள். உடல் கவசத்துக்கு உருவம் கொடுத்தவர் பிரையன் மியூர் என்ற ஆங்கிலச் சிற்பி.

களிமண்ணைப் பார்த்து அச்சு செய்தார்கள். பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கினார்கள். தகடு அப்பளம் போல இளகியதும் அதை அச்சின் மேல் போர்த்தினார்கள். கீழே இருந்து எந்திரம் காற்றை உறிஞ்சியது. உடனே தகடு அச்சோடு ஒட்டிப் படிந்தது. ஆறியதும் எடுத்தால், கவசம் தயார்!

லண்டனில் டுவிக்கன்ஹாம் என்ற இடத்தில் ஆண்ட்ரூ எய்ன்ஸ்வொர்த் என்பவர் இந்த முறையில் 50 தலைக்கவசங்களைப் படத்துக்காகச் செய்து கொடுத்தார். பல ஆண்டுகள் கழித்து அதே மாதிரி தலைக்கவசங்களைச் செய்து விற்கவும் தொடங்கினார். லூகாஸ் கம்பெனி வழக்குப் போட்டது.

"தலைக்கவசம் ஒரு சிற்பம். அதன் பதிப்புரிமை எங்களுக்கே" என்றது கம்பெனி.

"இல்லை. அது படத்துக்காகச் செய்யப்பட்ட ஒரு பொருள். சிற்பம் அல்ல" என்று இங்கிலாந்தின் சுப்ரீம் கோர்ட்டு 2011-ம் ஆண்டு தீர்ப்புக் கூறியது. ஆனால், அமெரிக்கச் சட்டப்படியான பதிப்புரிமைக் கோரிக்கையை இங்கிலாந்து கோர்ட்டு விசாரிக்கலாம் என்றும் அதே தீர்ப்பில் சொல்லப்பட்டது.

ஒரு தொப்பிக்காக எவ்வளவு சண்டை, பார்த்தீர்களா!

புதியவர் என்ன செய்யலாம்?

501-வது படைக்காரர்கள் சினிமாவில் உள்ளது போலவே பிளாஸ்டிக் கவசம் அணிகிறார்கள். பாகங்கள் ஒரு பெரிய அட்டைப் பெட்டியில் வரும். வெட்டாத, ஒட்டாத துண்டுகள். விலை பல நூறு டாலர். முதல் முறை பெட்டியைத் திறப்பவருக்குத் தலை சுற்றும். எது தொடை, எது கணுக்கால் என்றே தெரியாது! அதனால் பழைய ஆட்கள் ஒரு வீட்டில் கூடி, புதியவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெட்டவும் ஒட்டவும் கற்றுக் கொடுக்கிறார்கள். இப்படிக் கூடுவது அவர்களிடையே வழக்கமாகி விட்டது.

பணம் குறைவாக உள்ளவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. அதுதான் "போம்" விரிப்பு. குழந்தைகள் விழுந்தாலும் அடிபடாமல் இருக்கத் தரையில் போடுகிறார்களே, அந்த மெத்து மெத்தென்ற விரிப்பு. இலேசான செருப்புகளுக்கு அடிப்பாகமாக வருவதும் இதே வகைப் பொருள்தான். கத்தியால் வெட்டலாம். சூடு காட்டி வளைக்கலாம். வண்ணம் பூசினால் இரும்பு போலவே தோன்றும்!

பலரும் செய்யும் முதல் தவறு, தலைக்கவசத்தில் தொடங்குவது. அதுதான் மிகவும் கடினம். முதலில் முன்கைக் கவசம் செய்ய வேண்டும். சிறிய வேலை. கெட்டுப் போனாலும் நஷ்டம் கொஞ்சம். கை பழகியதும் தோள், மார்பு, கால் என்று போகலாம். தலையைக் கடைசியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அளவு எடுப்பது

தையற்காரர் அளவு எடுக்காமல் சட்டை தைப்பாரா? கவசமும் அப்படித்தான்.

கையில் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்ற வேண்டும். அதன்மேல் ஒட்டு நாடாவை இறுக்காமல் சுற்ற வேண்டும். கவசத்தின் கோடுகளைப் பேனாவால் அதன் மேலேயே வரைய வேண்டும். பிறகு இன்னொருவர் மெதுவாகக் கத்தரித்து எடுப்பார். அதை விரித்துக் காகிதத்தில் வரைந்தால், உங்கள் கைக்கே உரிய அளவு கிடைத்து விடும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள்.

ஒன்று: விரிப்புக்குத் தடிமன் உண்டு. 10 மில்லி மீட்டர் தடிமன் என்றால் உள்பக்கம் அவ்வளவு இடம் குறையும். அளவைக் கொஞ்சம் கூட்டி வெட்டாவிட்டால் கை நுழையாது.

இரண்டு: வலக்கைக்கு வெட்டிய பிறகு, இடக்கைக்குக் காகிதத்தைத் திருப்பிப் போட்டு வெட்ட வேண்டும். மறந்தால் இரண்டும் வலக்கைக் கவசமாகவே வரும்! இந்தத் தவறைச் செய்யாத புதியவர் குறைவு.

வெட்டு, சூடு, பசை

கத்தி நல்ல கூராக இருக்க வேண்டும். மொண்ணைக் கத்தி விரிப்பைப் பிய்த்து விடும். ஓரம் கடித்தது போல ஆகும். நாலு வெட்டுக்கு ஒரு முறை கத்தியைத் தீட்டிக் கொள்ள வேண்டும்.

அடுத்தது சூடு. இதற்குச் சூடான காற்றை ஊதும் கருவி இருக்கிறது. விரிப்பின் மேல் பரவலாகக் காட்ட வேண்டும். ஒரே இடத்தில் நிறுத்தினால் கருகும். மேல்பக்கம் இலேசாகப் பளபளக்கும்போது எடுத்து, ஒரு பாத்திரத்தின் மேலோ முழங்கால் மேலோ வைத்து வளைக்க வேண்டும். ஆறும்வரை பிடித்துக்கொண்டால் அந்த வளைவு அப்படியே நிற்கும். முழங்காலில் வளைப்பவர் நடுவில் தடித்த துணி போட்டுக்கொள்வது நல்லது.

பிறகு பசை. செருப்புத் தைப்பவர்கள் பயன்படுத்துகிறார்களே, அந்த மாதிரிப் பசை. இரண்டு ஓரங்களிலும் மெல்லியதாகத் தடவ வேண்டும். உடனே ஒட்டக் கூடாது! சில நிமிடம் காய விட வேண்டும். விரலால் தொட்டால் ஒட்டாத பதம் வர வேண்டும். அப்போது இரண்டையும் சேர்த்து அழுத்தினால் பிடித்துக் கொள்ளும். பிடித்த பிறகு நகர்த்த முடியாது. ஆகவே, ஒரு முனையில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். அவசரக்காரனுக்கு இந்த வேலை சரிப்படாது.

ஒட்டிய இடத்தை உப்புக் காகிதத்தால் தேய்க்க வேண்டும். விரிப்பில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். அதனால் முதலில் வெள்ளைப் பசையை இரண்டு மூன்று தடவை பூசிக் காய விட்டு, அப்புறம் வண்ணம் பூச வேண்டும். இல்லாவிட்டால் விரிப்பு வண்ணத்தைக் குடித்து விடும். கடைசியில் ஓரங்களில் கறுப்பும் பழுப்பும் இலேசாகத் தடவித் துடைத்தால், பல போர்களைக் கண்ட கவசம் போலத் தோன்றும்!

உயிருக்கு முதல் கவசம்

இந்த வேலையில் ஆபத்தும் இருக்கிறது.

பசையில் இருந்து வரும் ஆவி தலைசுற்றலை உண்டாக்கும். அது எளிதில் தீப்பிடிக்கும். தேய்க்கும்போது பறக்கும் தூள் மூச்சுக் குழாய்க்குள் போகும். விரிப்பைச் சூடாக்கும்போது வரும் புகையும் நல்லதல்ல.

மூக்கில் கைக்குட்டை கட்டினால் போதாது. துணி, தூளைக் கொஞ்சம் தடுக்கும்; ஆவியைத் தடுக்காது. ரசாயன ஆவியை வடிகட்டும் முகமூடி வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும். கதவு, ஜன்னல்களைத் திறந்து வைக்க வேண்டும். வாசலிலோ மாடியிலோ வேலை செய்தால் இன்னும் நல்லது. பக்கத்தில் அடுப்போ, எரியும் சிகரெட்டோ கூடாது.

கத்தி, சூட்டுக் கருவி, பசை மூன்றையும் பெரியவர்களே கையாள வேண்டும். அளவு வரைவதையும், வண்ணம் பூசுவதையும் குழந்தைகளிடம் விட்டு விடலாம். அவர்களுக்குப் பிடித்த வேலையும் அதுதான்!

உட்கார முடியாது!

கவசம் தயார். போட்டுக் கொண்டாயிற்று. இப்போதுதான் வேடிக்கை ஆரம்பம்.

உட்கார முடியாது. குனிந்து காசு பொறுக்க முடியாது. நடக்கும்போது தொடைக் கவசம் தோலைக் கவ்வும். உள்ளே கறுப்பு உடை, வெளியே கவசம், வேர்வை ஆறாய் ஓடும். மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கி விடும். அதனால் தலைக்கவசத்துக்குள் பாட்டரியில் ஓடும் சின்ன விசிறிகளை வைத்துக் கொள்கிறார்கள்.

பக்கவாட்டில் என்ன வருகிறது என்றும் தெரியாது. 1977-ம் ஆண்டுப் படத்திலேயே ஒரு வீரர் கதவின் மேல்பக்கத்தில் தலையை "டங்" என்று இடித்துக் கொள்வார். அந்தக் காட்சி படத்தில் அப்படியே இருக்கிறது! ரசிகர்கள் அதைக் கண்டுபிடித்து இன்றுவரை சிரிக்கிறார்கள்.

எனவே கவசம் அணிந்தவருடன் சாதாரண உடையில் ஒரு துணையாள் எப்போதும் இருக்க வேண்டும். படி வந்தால் அவர் சொல்வார். குழந்தை காலடியில் வந்தால் தடுப்பார். தண்ணீர் கொடுப்பார். கொஞ்ச நேரத்துக்கு ஒரு முறை தலைக்கவசத்தைக் கழற்றி ஓய்வு எடுக்க வைப்பார். படையே ஆனாலும் தண்ணீர் கொடுக்க ஒரு ஆள் வேண்டும்!

அன்றும் புதியவர்களே

"இதெல்லாம் நமக்கு வருமா?" என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி.

1939-ம் ஆண்டு நியூயார்க் நகரில் விஞ்ஞானக் கதை ரசிகர்களின் முதல் உலக மாநாடு நடந்தது. எல்லோரும் கோட்டு சூட்டில் வந்தார்கள். பாரஸ்ட் ஆக்கர்மேன் என்ற இளைஞரும், மிர்ட்டில் டக்ளஸ் என்ற பெண்ணும் மட்டும் வருங்கால மனிதர்களின் உடையில் வந்து நின்றார்கள்! இரண்டு உடைகளையும் செய்தவர் அந்தப் பெண்தான். செய்முறையைச் சொல்லித் தர அப்போது யாரும் இல்லை. இன்று உலகம் முழுவதும் விஞ்ஞான வேடம் போடுகிற அத்தனை பேருக்கும் அவர்களே முன்னோடிகள்.

கேட்டி கேட்ட காவல்

இனி மீண்டும் ஜான்சனிடம் வருவோம்.

அவருக்கு ஒரு செல்ல மகள். பெயர் கேட்டி. 2004-ம் ஆண்டு அவளுக்கு மூளையில் கட்டி இருப்பது தெரிந்தது. புற்றுநோய். குணப்படுத்த வழி இல்லை என்று டாக்டர்கள் கைவிரித்து விட்டார்கள்.

ஊர் ஊராக நோயாளிக் குழந்தைகளைச் சிரிக்க வைத்தது அந்தப் படை. அதைத் தொடங்கியவரின் வீட்டிலேயே இடி விழுந்தது.

"ஸ்டார் வார்ஸ்" படங்களில் "ஆர்டூ-டீடூ" என்ற குட்டி எந்திரம் வரும். சுமார் மூன்றரை அடி உயரம். 2002-ம் ஆண்டு வந்த படத்தில், கதாநாயகி தூங்கும்போது அது அறையில் நின்று காவல் காக்கும்.

கேட்டிக்கும் ஓர் ஆசை. "நான் தூங்கும்போது எனக்கும் அப்படி ஒரு எந்திரம் காவல் இருக்க வேண்டும்."

ஜான்சனுக்குக் கவசம் செய்யத் தெரியும். எந்திரம் செய்யத் தெரியாது. ஆனால், அதை மட்டுமே செய்கிற இன்னொரு ரசிகர் கூட்டம் இருந்தது. அவர்களுக்குச் செய்தி போயிற்று. செய்கிறோம் என்று ஒப்புக்கொண்டார்கள். பெண் குழந்தை அல்லவா? இளஞ்சிவப்பு நிறம் என்று முடிவாயிற்று.

ஆனால் ஒரு எந்திரம் செய்து முடிக்கப் பல மாதங்கள் ஆகும். கேட்டிக்கு அவ்வளவு நாள் இல்லை.

அந்தக் கூட்டத்தில் ஒருவர், தான் செய்து வைத்திருந்த எந்திரத்துக்கு இளஞ்சிவப்பு வண்ணம் பூசி அனுப்பி வைத்தார். 2005-ம் ஆண்டு ஜூலை மாதம் அது கேட்டியிடம் வந்து சேர்ந்தது. அவள் அதைக் கட்டிக்கொண்டாள்.

ஆகஸ்டு மாதம் கேட்டி கண்ணை மூடினாள். வயது ஏழு.

இன்றும் காவல்

அத்துடன் கதை முடியவில்லை.

கேட்டிக்காகத் தொடங்கிய எந்திரத்தை நண்பர்கள் பாதியில் விடவில்லை. 2006-ம் ஆண்டு செய்து முடித்தார்கள். "ஆர்டூ-கேடீ" என்று பெயர் வைத்தார்கள். பெயருக்குள்ளேயே கேட்டி இருக்கிறாள்!

அந்த இளஞ்சிவப்பு எந்திரம் ஜான்சனுடன் ஆஸ்பத்திரிகளுக்குப் போயிற்று. தலைமுடி கொட்டிய குழந்தைகள் அதைத் தொட்டுச் சிரித்தார்கள். சினிமாக்காரர்களும் அதை மறக்கவில்லை. 2015-ம் ஆண்டு வெளிவந்த "ஸ்டார் வார்ஸ்" படத்தில் அது ஒரு காட்சியில் வந்தது. ரசிகர்கள் செய்த பொம்மை, உண்மைப் படத்திலேயே இடம் பிடித்து விட்டது!

வெட்டிய விரிப்பும் ஒட்டிய பிளாஸ்டிக்கும் துப்பாக்கிக் குண்டைத் தடுக்காது. நோயைத் தடுக்காது. சாவையும் தடுக்காது. ஜான்சனுக்கு அது நன்றாகத் தெரியும்.

ஆனால், ஊசிக்குப் பயந்து அழும் ஒரு குழந்தை, வெள்ளைக் கவச வீரரின் விரலைப் பிடித்துக் கொண்டு அழுகையை நிறுத்துகிறது அல்லவா? அந்த ஒரு நிமிடத்தை அது காக்கிறது.

உங்கள் வீட்டில் யாராவது அட்டையும் பசையுமாக உட்கார்ந்து, வீடெல்லாம் குப்பை செய்தால், உடனே திட்டி விடாதீர்கள்.

முதலில் ஜன்னலைத் திறந்து விடுங்கள். பிறகு, "இது யாருக்கு?" என்று கேளுங்கள்.